ஃபான்ட் என் கணினியில் இருந்தது

மார்ச் 4, 2025, செவ்வாய்

உழவர் சந்தை விலை சொல்லும் செயலியை இன்றைக்குத்தான் முதன்முதலாகச் சித்தப்பாவின் ஃபோனில் ஏற்றிப் பார்த்தேன். பதினைந்து நாளாக கணினியில், க்ரோமின் டிவைஸ் மோடை (ஃபோன் திரைபோலக் காட்டும் வசதி) போட்டு, 360 பிக்சல் அகலத்தில் பார்த்துப் பார்த்துச் செய்த திரை. ஃபோனில் காய்ப் பெயர்கள் மட்டும் வேறு முகத்தோடு வந்தன. முக்த மலர் என்ற தமிழ் ஃபான்டின் தடித்த எழுத்து வரவேண்டிய இடத்தில் ஆண்ட்ராய்டு தன்னிடமுள்ள நோட்டோ தமிழ் ஃபான்டைப் போட்டிருக்கிறது. அது அகலம் கூடுதல். 'கொத்தவரங்காய்' கட்டத்தில் அடங்காமல் 'கொத்தவரங்…' என்று நின்றுவிட்டது.

"அதனால என்ன கண்ணு, படிக்க வருதில்ல" என்றார் சித்தப்பா. எனக்கு மனசு ஆறவில்லை. வெயிலில் மூட்டையோடு நிற்பவர் ஒரு பார்வையில் படிக்க வேண்டும் என்றுதான் அந்த எழுத்தையே தேர்ந்தெடுத்தேன்.

மார்ச் 5, புதன்

டிவைஸ் மோடு மாற்றுவது திரையின் அளவை, தொடுதலை, பிரவுசர் தன்னை யாரென்று சொல்லிக்கொள்வதை. எழுத்தை வரைவது அப்போதும் என் விண்டோஸ்தான். நிர்மலா, லதா என்று இதில் இருக்கிற தமிழ் ஃபான்டுகள் எதுவும் சித்தப்பாவின் ஃபோனில் கிடையாது. இதெல்லாம் தெரிந்த விஷயம்தான். ஆனால் என் திரையில் தெரிந்தது நிஜ முக்த மலர். அது எங்கிருந்து வந்தது?

காய்ப் பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து, இன்ஸ்பெக்ட், கம்ப்யூட்டட் என்று போய் அடிவரை உருட்டினால் 'ரெண்டர்ட் ஃபான்ட்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்த ஃபான்ட், எங்கிருந்து வந்தது, எத்தனை கிளிஃப் (எழுத்து வடிவம்) என்று அங்கே எழுதியிருக்கும். என் காய்ப் பெயருக்கு நேரே 'லோக்கல் ஃபைல்' என்று இருந்தது. நெட்வொர்க் டேபைத் திறந்து ஃபான்டுகளை மட்டும் வடிகட்டினேன். தடித்த எழுத்துக்கான கோரிக்கை ஒன்றுகூட இல்லை.

காரணம் ஸ்டைல்ஷீட்டில், அதாவது திரையின் தோற்றத்தைச் சொல்லும் ஃபைலில் இருந்தது. பழைய புராஜெக்டிலிருந்து எடுத்து ஒட்டிய, ஃபான்டை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் ஃபான்ட்-ஃபேஸ் விதியில் ஃபைல் முகவரிக்கு முன்னால் லோக்கல்() என்று ஒரு துண்டு. கணினியில் அந்த ஃபான்ட் நிறுவியிருந்தால் அதையே எடுத்துக்கொள், ஃபைலைத் தேடாதே என்று அதற்குப் பொருள். போஸ்டர் வேலைக்காகப் போன வருஷம் நான் முக்த மலரை நிறுவியிருந்தேன். ஆக, செயலிக்குள் வைத்த ஃபைலை என் பிரவுசர் ஒரு நாளும் தொட்டதில்லை.

மார்ச் 6, வியாழன்

லோக்கல்() துண்டை எடுத்தேன். ஃபான்டையும் கணினியிலிருந்து நீக்கினேன். பிரவுசரில் இப்போது 'நெட்வொர்க் ரிசோர்ஸ்' என்று காட்டுகிறது, எழுத்தும் சரியாக வருகிறது. ஃபோனில் மறுபடி நோட்டோ!

யூஎஸ்பி வயரைச் செருகி, க்ரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்திலிருந்து ஃபோனுக்குள் ஓடும் வெப்வியூவையே (செயலிக்குள் என் திரையைக் காட்டும் குட்டி பிரவுசர்) திறந்தேன். பிழைகளைக் காட்டும் கன்சோலில் சிவப்பு வரி: ஃபைல் கிடைக்கவில்லை. கிடைக்காத ஃபைலின் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்ட பிறகு புரிந்தது. ஃபைல் பெயரில் 'போல்ட்' என்பதன் முதல் ஆங்கில எழுத்து பெரியது, ஸ்டைல்ஷீட்டில் சிறியது. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு செயலிப் பொதிக்குள் அவை இரண்டு வேறு பெயர்கள். ஃபான்ட் ஃபைல் பெயர் எல்லாவற்றையும் சின்ன எழுத்துக்கு மாற்றிவிட்டேன். கொத்தவரங்காய் முழுசாக வந்தது.

இன்னொன்றும் குறித்து வைக்கிறேன். ஃபான்ட் வந்துவிட்டதா என்று ஜாவாஸ்கிரிப்டில் கேட்க டாக்குமென்ட்.ஃபான்ட்ஸ்.செக் இருக்கிறது. ஆனால் எங்கேயுமே இல்லாத ஒரு பெயரைக் கொடுத்தாலும் அது 'ஆம்' என்று சொல்லும். அதை நம்பித் தானியங்கிச் சோதனை எழுதியிருந்தேன், அழித்துவிட்டேன். அதற்குப் பதில் டாக்குமென்ட்.ஃபான்ட்ஸ்.லோட் என்று கேட்டு, திரும்பி வரும் பட்டியல் காலியா என்று பார்ப்பதுதான் சரி.

மார்ச் 10, திங்கள்

செயலியின் எடையைக் குறைக்க ஃபான்டிலிருந்து தமிழ்த் தொகுதியை (யூனிகோடு என்ற எழுத்துப் பட்டியலில் தமிழுக்கென்று ஒதுக்கிய பகுதி) மட்டும் வெட்டி எடுத்தேன். க்ரோமில் பார்த்தால் குறையே தெரியவில்லை. பழக்கமாகிவிட்டதால் விலைக் கட்டத்துக்கும் ரெண்டர்ட் ஃபான்ட்ஸைப் பார்த்தேன். ₹40 என்பதன் மூன்று கிளிஃப்பும் நிர்மலாவிலிருந்து வருகின்றன. தமிழ்த் தொகுதியில் இருப்பது பழைய ௹. 2010இல் யூனிகோடில் சேர்ந்த ₹ நாணயக் குறிகளின் தொகுதியைச் சேர்ந்தது. 0 முதல் 9 வரை இலக்கங்களோ அடிப்படை லத்தீன் தொகுதியில். விலை சொல்லும் செயலியில் விலையை மட்டும் வெளியே தள்ளியிருக்கிறேன். இலக்கங்கள், ₹, இடைவெளி, நிறுத்தற்குறிகள் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி வெட்டினேன்.

மார்ச் 12, புதன்

சித்தப்பா காலையிலேயே கூப்பிட்டார். "ஏன் கண்ணு, விலையில பாதியக் காணமே."

நேரில் போய்ப் பார்த்தேன். கண்ணுக்குச் சிரமம் என்று யாரோ அவர் ஃபோனில் எழுத்தளவை மிகப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். வெப்வியூ அந்த அளவை அப்படியே செயலிக்குள் கொண்டுவந்துவிடுகிறது. என் விலைக் கட்டத்துக்கு உயரம் 40 பிக்சல் என்று கட்டிப் போட்டிருந்தேன், ₹-இன் தலையும் காலும் வெட்டுப்பட்டிருந்தன. டிவைஸ் மோடில் இந்த அமைப்பு வருவதே இல்லை.

வெப்வியூவில் எழுத்தளவை 100 சதவீதத்தில் பூட்டிவிடலாம், ஒரே வரி வேலை. அவர் கண்ணுக்காக வைத்துக்கொண்ட அளவை நான் பிடுங்க மாட்டேன். நிலையான உயரங்கள் எல்லாவற்றையும் குறைந்தபட்ச உயரமாக மாற்றினேன். காய்ப் பெயர் நீண்டால் விலை அடுத்த வரிக்கு இறங்கட்டும்.

சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தே புதிய பதிப்பை ஏற்றினேன். கண்ணாடி போடாமல் "சின்ன வெங்காயம்" என்று ஆரம்பித்து, பட்டியலைக் கடைசி வரை வாய்விட்டுப் படித்தார்.