ஜெர்மனி: வைமாரில் இருந்த ஓட்டைகளும் பானில் போட்ட பூட்டுகளும்

ஜெர்மனியின் இன்றைய அரசியல் சட்டத்தைத் தனியாக எடுத்துப் படித்தால் பல விதிகள் விசித்திரமாகத் தெரியும். நாடாளுமன்றம் நினைத்தாலும் தன்னைத் தானே கலைத்துக்கொள்ள முடியாது. அரசின் தலைவரான சான்சலரைப் பொறுத்தவரை, அடுத்தவர் யார் என்று சொல்லாமல் இப்போதிருப்பவரை இறக்க முடியாது. சில பிரிவுகளின் சாரத்தில், உறுப்பினர்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஓட்டுப் போட்டாலும் கை வைக்க முடியாது. ஹிட்லருக்கு முந்தைய குடியரசின் சட்டமான, 1919இன் வைமார் அரசியல் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால், இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் பிடிபடும். பழையது எங்கெல்லாம் முறிந்ததோ, அங்கெல்லாம் புதியதில் ஒரு பூட்டு இருக்கிறது.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளிவைக்க வேண்டும். ‘ஹிட்லருக்கு மக்களே பெரும்பான்மை கொடுத்தார்கள்’ என்று பலரும் எழுதுகிறார்கள். சுதந்திரமாக நடந்த தேர்தல்களில் நாஜிக் கட்சி தொட்ட உச்சம் 1932 ஜூலையில் 37.3 சதவீதம். அதே ஆண்டு நவம்பரில் அது 33.1 ஆகக் குறைந்தது. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லரைச் சான்சலர் ஆக்கியது குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் போட்ட கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம்.

எல்லோரும் பிரிவு 48ஐத்தான் குற்றம் சொல்வார்கள். ஆபத்துக் காலத்தில் குடியரசுத் தலைவர் அவசர ஆணை போடலாம், அடிப்படை உரிமைகளை நிறுத்தி வைக்கலாம் என்றது அந்தப் பிரிவு. ஆனால் அதற்குள்ளேயே ஒரு தடையும் இருந்தது: நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக் கேட்டால் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றாக வேண்டும். அந்தத் தடையை உடைத்தது இன்னொரு பிரிவு. பிரிவு 25இன்படி அதே குடியரசுத் தலைவர் ரைக்ஸ்டாகைக் கலைக்கலாம். தேர்தலுக்கு 60 நாள் அவகாசம். சான்சலரை நியமிப்பதும் அவரே, பிரிவு 53. மூன்றையும் கோத்துப் பாருங்கள். தனக்கு வேண்டியவரைச் சான்சலர் ஆக்கலாம், அவருக்காக ஆணை போடலாம், ஆணையை எதிர்க்கும் சபையைக் கலைக்கலாம். தனித்தனியாக ஒவ்வொன்றும் நியாயமாகத் தெரிந்த அதிகாரம்தான். ஒரே கையில் சேர்ந்தபோது அது நாடாளுமன்றமே இல்லாமல் ஆளும் முறையாகிவிட்டது.

1930 ஜூலையில் இது அப்படியே நடந்தது. சான்சலர் புரூனிங்கின் நிதி மசோதா சபையில் தோற்றது. அதையே பிரிவு 48இன்கீழ் ஆணையாகப் போட்டார்கள். ஜூலை 18 அன்று ரைக்ஸ்டாக் அதை ரத்து செய்யச் சொன்னது. அன்றே சபை கலைக்கப்பட்டது. சில நாளில் அதே ஆணை சிறு மாற்றங்களோடு மறுபடி வந்தது. செப்டம்பர் 14 தேர்தலில் நாஜிகள் 12 இடங்களிலிருந்து 107க்குத் தாவினார்கள். 1932இல் ரைக்ஸ்டாக் நிறைவேற்றிய சட்டங்கள் வெறும் ஐந்து. அவசர ஆணைகளோ சுமார் அறுபது. ஹிட்லர் வருவதற்கு முன்பே நாடாளுமன்றம் ஒதுக்கி வைக்கப்பட்டுவிட்டது என்பதை நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது முறிவு, நம்பிக்கையில்லாத் தீர்மானம். வைமாரில் எந்தப் பெரும்பான்மையும் அரசைக் கவிழ்க்கலாம், மாற்று அரசை அமைக்க வேண்டிய பொறுப்பு எதுவும் இல்லை. 1932 ஜூலை தேர்தலுக்குப் பின் மொத்தம் 608 இடங்களில் நாஜிகளிடம் 230, கம்யூனிஸ்டுகளிடம் 89. இரண்டும் சேர்ந்தால் 319, பாதிக்கு மேல். ஒருவரையொருவர் தெருவில் அடித்துக்கொண்ட இந்த இரு கட்சிகளும் சேர்ந்து ஆள வாய்ப்பே இல்லை. சேர்ந்து கவிழ்க்க மட்டும் முடியும். செப்டம்பர் 12 அன்று சான்சலர் பாப்பன் கலைப்பு உத்தரவைச் சிவப்பு உறையில் கொண்டுவந்து பேச எழுந்தார். சபைத் தலைவராக இருந்த நாஜிக் கட்சியின் கோரிங் வேண்டுமென்றே அவர் பக்கம் திரும்பவில்லை, வாக்கெடுப்பு தொடங்கிவிட்டது என்றார். பாப்பன் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியேறினார். முடிவு: அரசுக்கு எதிராக 512, ஆதரவாக 42. கலைப்பு உத்தரவு செல்லும் என்றே ஆனது. நாட்டுக்குக் கிடைத்தது இன்னொரு தேர்தல் மட்டுமே.

புதிய அரசியல் சட்டத்தை எழுத 1948 செப்டம்பரில் பான் நகரில் கூடிய நாடாளுமன்றக் கவுன்சிலில் 65 உறுப்பினர்கள், நால்வர் பெண்கள். வைமார் காலத்தை நேரில் பார்த்து அடிபட்டவர்கள் பலர். அவர்கள் போட்ட பூட்டுதான் பிரிவு 67. சான்சலரை இறக்க வேண்டுமானால் அதே வாக்கெடுப்பில் புதியவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வந்திருப்பவர்களில் அல்ல, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும். தீர்மானத்துக்கும் வாக்கெடுப்புக்கும் நடுவே 48 மணி நேரம் போக வேண்டும். கோபத்தில் கவிழ்ப்பதைத் தடுக்கும் இடைவெளி அது. இதுவரை இரண்டே முறைதான் முயன்றிருக்கிறார்கள். 1972இல் சான்சலர் வில்லி பிராண்டை இறக்க எதிர்க்கட்சித் தலைவர் ரைனர் பார்சலுக்குத் தேவைப்பட்டது 249, கிடைத்தது 247. 1982 அக்டோபர் 1 அன்று ஷ்மிட்டை இறக்கிவிட்டு 256 ஓட்டில் ஹெல்முட் கோல் வந்தார்.

கலைப்பதற்கும் இப்போது குறுகலான வழிதான். சான்சலர் பிரிவு 68இன்படி தானே நம்பிக்கை வாக்குக் கோரித் தோற்க வேண்டும். அதன் பிறகு குடியரசுத் தலைவர் 21 நாளுக்குள் கலைக்கலாம். 2024 டிசம்பர் 16 அன்று ஓலாஃப் ஷோல்ஸ் செய்தது இதுதான்: ஆதரவு 207, எதிர்ப்பு 394, நடுநிலை 116. தோற்பதற்காகவே ஓட்டுக் கேட்பது நாடகம் என்று சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சபை, சான்சலர், குடியரசுத் தலைவர் மூவரும் ஒவ்வொரு அடி வைத்தால்தான் கதவு திறக்கும். தனியாக யாராலும் திறக்க முடியாது.

சான்சலர் தேர்விலும் படிகள் உண்டு, பிரிவு 63. குடியரசுத் தலைவர் முன்மொழிபவருக்கு முதல் சுற்றில் முழுப் பெரும்பான்மை வேண்டும். தவறினால் 14 நாளுக்குள் சபையே வேறொருவரையோ மறுபடி அவரையோ தேர்ந்தெடுக்கலாம். அதுவும் நடக்காவிட்டால் அதிக ஓட்டு வாங்கியவரை நியமிப்பதா, சபையைக் கலைப்பதா என்று குடியரசுத் தலைவர் 7 நாளில் முடிவெடுப்பார். முதல் சுற்றில் தோல்வி என்பது 2025 மே 6 வரை யாருக்கும் நேர்ந்ததில்லை. அன்று முன்மொழியப்பட்ட பிரீட்ரிக் மெர்ஸ் 316 வேண்டிய இடத்தில் 310 வாங்கினார். அன்றே இரண்டாம் சுற்றில் 325. ஒரே நாளில் மறுபடி நடத்த வேண்டுமானால் சபை விதியின் கால அவகாசத்தைக் குறைக்க வேண்டும், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வேண்டும். அதனால் இடதுசாரிக் கட்சியிடமும் பேச வேண்டி வந்தது.

ஐந்து சதவீத ஓட்டுக்குக் குறைவாக வாங்கும் கட்சிக்குப் பொதுவாகச் சபையில் இடமில்லை என்ற வரம்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சிறு கட்சிகள் பெருகியதுதான் வைமாரைக் கொன்றது என்பது மிகைப்படுத்தல். 37 சதவீதம் வாங்கிய கட்சியை எந்த வரம்பும் தடுத்திருக்காது. தவிர, அது தேர்தல் சட்டத்தில் இருக்கிறது, அரசியல் சட்டத்தில் இல்லை.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது, அரசியல் சட்டத்தை எப்படித் திருத்தலாம் என்று சொல்லும் பிரிவு 79. அதைப் புரிந்துகொள்ள 1933 மார்ச் 23க்குப் போக வேண்டும். அரசே சட்டம் போடலாம், அது அரசியல் சட்டத்துக்கு மாறாகவும் இருக்கலாம் என்ற அதிகாரச் சட்டத்துக்கு, வைமாரின் பிரிவு 76இன்படி மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரிக்க வேண்டும். மொத்தம் 647. கம்யூனிஸ்டுகள் 81 பேர் கைதாகியோ தலைமறைவாகியோ இருந்தார்கள். சமூக ஜனநாயகக் கட்சியின் 120 பேரும் வராமல், இன்னும் 15 பேர் விலகியிருந்தால் தேவையான குறைந்தபட்ச வருகையே இருந்திருக்காது. அதனால் வாக்கெடுப்புக்கு முன் சபை விதியையே மாற்றினார்கள்: அனுமதியில்லாமல் வராதவர்களும் வந்ததாகவே கணக்கு. நாஜிகளின் அதிரடிப் படையினர் சுற்றி நிற்க, சமூக ஜனநாயகக் கட்சியினர் 94 பேர் வந்து எதிராக ஓட்டுப் போட்டார்கள். ஆதரவு 444. வைமார் சட்டத்தை முறைப்படி யாரும் ரத்து செய்யவேயில்லை. அதற்குத் தேவையே ஏற்படவில்லை.

இன்று கணக்கு மொத்த உறுப்பினர்களை வைத்துத்தான்: நாடாளுமன்றமான பண்டஸ்டாகில் மூன்றில் இரண்டு பங்கு, மாநிலங்களின் சபையான பண்டஸ்ராட்டிலும் அதே. யார் வந்தார் யார் வரவில்லை என்ற தில்லுமுல்லுக்கு இடமில்லை. சட்ட வாசகத்தை வெளிப்படையாகத் திருத்தியாக வேண்டும். பக்கத்தில் ஒரு தனிச் சட்டம் போட்டு மீற முடியாது. மனித மாண்பு, மக்களாட்சி, கூட்டாட்சி ஆகியவற்றின் அடிப்படைகளைத் திருத்தவே கூடாது.

இந்தப் பூட்டின் மறுபக்கம் 2025 மார்ச்சில் தெரிந்தது. புதிய சபையின் 630 இடங்களில் ஜெர்மனிக்கான மாற்றுக் கட்சிக்கு 152, இடதுசாரிகளுக்கு 64, சேர்ந்தால் 216. மூன்றில் ஒரு பங்கு 210தான். அதாவது இந்த இரண்டும் மறுத்தால் எந்தத் திருத்தமும் நடக்காது. அதனால் மார்ச் 25 அன்று புதிய சபை கூடுவதற்கு முன்பே, மார்ச் 18 அன்று பழைய சபையைக் கூட்டி, அரசு வாங்கும் கடனுக்கு அரசியல் சட்டம் வைத்திருந்த வரம்பைத் தளர்த்தினார்கள். 50,000 கோடி யூரோ சிறப்பு நிதி பிரிவு 143எச் ஆகச் சட்ட வாசகத்திலேயே ஏறியது. சட்டப்படி சரி, நீதிமன்றமும் தடுக்கவில்லை. ஆனாலும் போகப்போகும் பழைய சபையின் கையால் செய்தது எனக்கு உறுத்துகிறது.

கார்ல்ஸ்ரூ நகரில் 1951 முதல் இயங்கும் அரசியல் சட்ட நீதிமன்றமே இந்தப் பூட்டுகளுக்கெல்லாம் காவல். 2024 டிசம்பரில்தான் அதற்கே காவல் போட்டார்கள்: இரண்டு அமர்வுகள், 16 நீதிபதிகள், 12 ஆண்டுப் பதவி, மறுதேர்வு கிடையாது என்பவை அரசியல் சட்டத்துக்குள் வந்தன. நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்ற விதி மட்டும் வெளியே விடப்பட்டது. அது இன்னும் சாதாரணச் சட்டம்தான். சாதாரணப் பெரும்பான்மை உள்ள எந்த அரசும் அதை மாற்றலாம்.