கடைசிக் கேள்வி

"அப்போ எல்லாத்துக்கும் நான்தான் காரணம்னு சொல்றீங்களா டீச்சர்?" என்று கேட்டார் மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய். "காரணம்னு சொல்லலம்மா, சூழ்நிலையைத்தான் கேக்குறேன்" என்றேன். பதில் சரியானதுதான், ஆனால் அவர் முகம் மாறவில்லை.

பையன் சத்துணவு முட்டையைப் பக்கத்திலிருப்பவனுக்குக் கொடுத்துவிடுவான். எழுதியதை அழித்து அழித்தே தாளைக் கிழிப்பான். யாராவது தொட்டால் எரிந்து விழுவான். வழிபாட்டுக் கூட்டம் முடிவதற்குள் வயிற்று வலி என்பான். சிறுவர்களின் மனச்சோர்வு பல நேரங்களில் எரிச்சலாகவும் உடல் வலியாகவும் வெளிப்படுவதால், பள்ளியில் அதற்குச் சேட்டை, நடிப்பு என்றே பெயர். குழந்தைகளுக்கு மனச்சோர்வு வராது என்று மருத்துவர்களிலேயே ஒரு சாரார் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். பெரியவர்களுக்கான அளவுகோல்களைச் சிறுவர்களுக்கும் பொருத்தியது 1980-இல் வெளிவந்த அமெரிக்க நோய் வகைப்பாடுதான். ஆகவே சக ஆசிரியர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கணவரின் குடி, வீட்டுச் சண்டை, அண்மையில் நேர்ந்த சாவு என ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவரும் தரையைப் பார்த்தபடியே பதில் சொன்னார். "உங்களுக்குத் தூக்கம் வருதாம்மா?" என்றபோதுதான் நிமிர்ந்தார். தாயின் மனச்சோர்வு பிள்ளைக்கான ஆபத்தைக் கூட்டும் என்று படித்திருந்தேன். அதைவிட, அவருக்கும் சிகிச்சை தேவைப்படலாம் என்ற அக்கறையில்தான் கேட்டேன். அந்த வரிசையில் கடைசியாக வந்ததால் அது தீர்ப்பைப் போல ஒலித்திருக்கலாம். இத்தனையும் உள்ள வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் பலர் நன்றாகவே இருக்கிறார்கள் என்பதையும் அவரிடம் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றுகிறது; ஆனால் அப்படிச் சொன்னால், அவர் வீட்டில் மட்டும் ஏன் இப்படி என்ற கேள்வியல்லவா மிஞ்சும்?

"நாம டாக்டர் இல்ல, அரசு மருத்துவமனைக்கு அனுப்புறதோட நிறுத்திக்கணும்" என்றார் தலைமை ஆசிரியை. மருத்துவரும் நான் கேட்ட கேள்விகளையேதான் கேட்பார். ஆனால் அவரை அந்தத் தாய் தினமும் பள்ளி வாசலில் பார்க்க வேண்டியதில்லை. அந்த வகையில் தலைமை ஆசிரியை சொன்னதில் நியாயம் உண்டு. மனநலப் பிரிவுக்குப் போகும்படி நான் எழுதிக் கொடுத்தேன். போனார்களா என்று தெரியாது. கோடை விடுமுறை முடிந்ததும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்காமல் வயிற்று வலி என்று மட்டும் எழுதியனுப்பியிருந்தால், ஒருவேளை அந்தப் பையன் இன்னமும் எங்கள் பள்ளியிலேயே இருந்திருப்பான், கையில் குடற்புழு மாத்திரையோடு.