காப்பீட்டு மோசடி கேஸ் கேள்விகள்: சட்டத்துக்கு முன்னால் தேதியைப் பாருங்கள்

ராமநாதபுரம், மண்டபம், கீழக்கரைப் பக்கமிருந்து சர்வேயர் (காப்பீட்டுச் சேதத்தை மதிப்பிடுபவர்) தேர்வுக்கும் கிளெய்ம் (இழப்பீட்டுக் கோரிக்கை) விசாரணை வேலைக்கும் படிப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். பாடத்திட்டம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடலாம்.

கேஸைப் படித்ததும் சட்டப்பிரிவைத் தேடாதீர்கள். ரஃப் தாளில் ஐந்து தேதிகளை வரிசையாக எழுதுங்கள்: பிரீமியம் கட்டியது, பாலிசி தொடங்கியது, சேதம் நடந்தது, தகவல் சொன்னது, சர்வேயர் பார்த்தது. பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் பழகுங்கள்.

நம் கடற்கரையிலேயே பயிற்சி செய்யலாம். ராமேஸ்வரம் விசைப்படகு ஒன்று கடலில் மூழ்கியதாகக் கிளெய்ம் வருகிறது என்று வையுங்கள். அந்த நாள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விழுகிறதா? விசைப்படகுகள் போகும் திங்கள், புதன், சனியில் ஒன்றா? மீன்வளத்துறை டோக்கன் (கடலுக்குப் போகத் தரும் அனுமதிச் சீட்டு), டீசல் பில், வானிலை எச்சரிக்கை, உடன் போனவர்களின் வாக்குமூலம் எல்லாம் ஒரே நாளைச் சொல்கின்றனவா? நாட்டுப்படகுக்கு இந்தத் தடைக்காலம் கிடையாது. அதை மறந்து நேர்மையான மீனவரைச் சந்தேகிப்பது பெரிய அநியாயம். தகவல் தாமதமாக வந்ததும் தனியாக மோசடிக்குச் சாட்சி ஆகாது. கரைக்கு வந்து சேரவே நேரம் பிடிக்கும்.

என்ஜின் நம்பர் கேள்வியும் வரலாம். உப்பு அரித்தால் எழுத்தும் சுற்றியுள்ள பரப்பும் சேர்ந்தே அரிக்கும். நம்பர் இருக்கும் இடம் மட்டும் தேய்ந்து, ஒரே திசையில் கீறல் ஓடினால் கிரைண்டர் வைத்து நம்பரைத் தேய்த்திருக்கிறார்கள்.

குழப்பிக்கொள்ளும் பிரிவுகள்:

- 1938 காப்பீட்டுச் சட்டம் 45: ஆயுள் காப்பீட்டுக்கு மட்டும். பாலிசி வழங்கியது, ரிஸ்க் தொடங்கியது, காலாவதியானதை மீண்டும் உயிர்ப்பித்தது, ரைடர் (கூடுதல் பாதுகாப்பு) சேர்த்தது, இவற்றில் எது கடைசியோ அதிலிருந்து 3 ஆண்டு. அதன்பின் மோசடி என்றுகூடக் கேள்வி எழுப்ப முடியாது.
- மருத்துவக் காப்பீடு: தொடர்ந்து 60 மாதம் பாலிசி இருந்தால், தகவலை மறைத்தார் என்று கேள்வி எழுப்ப முடியாது. ஆனால் நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மேலே உள்ளதற்கு நேர் எதிர், இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.
- 1963 கடல்சார் காப்பீட்டுச் சட்டம் 8: சேதம் நடந்த நேரத்தில் காப்பீட்டு உரிமை (பொருள் போனால் தனக்கு நஷ்டம் என்ற நிலை) இருக்க வேண்டும். படகை முன்பே விற்றிருந்தால்? பிரிவு 55: காப்பீடு எடுத்தவரே வேண்டுமென்று செய்த சேதத்துக்குப் பணம் இல்லை.
- ஏமாற்றுதல்: பழைய இந்திய தண்டனைச் சட்டம் 420 போய், பாரதிய நியாய சன்ஹிதா 318.

பயிர்க் காப்பீட்டில் அடங்கலை (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற விஏஓ பதிவு) பட்டாவோடு ஒப்பிடுங்கள். ஒரே சர்வே எண் வங்கிக் கடன் வழியாக ஒரு முறையும் பொதுச் சேவை மையம் வழியாக இன்னொரு முறையும் பதிவாகியிருக்கலாம். மொத்தப் பரப்பைக் கூட்டினால் பட்டாவைத் தாண்டும். விதைக்காத கரிசலுக்கும் மிளகாய் என்று பதிவு இருக்கலாம். விதைப்புத் தேதியைக் கேளுங்கள்.

அறிக்கை மாதிரி எழுதிப் பழகும்போது "மோசடி" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். "டோக்கன் தேதியும் வாக்குமூலமும் பொருந்தவில்லை" என்று எழுதி, இரண்டு தாளையும் இணையுங்கள். வாட்ஸ்அப் படம், ஜிபிஎஸ் பதிவு வைத்தால் மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழும் வேண்டும். பழைய புத்தகத்தில் இதற்கு இந்திய சாட்சியச் சட்டம் 65பி என்று இருக்கும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் 63. புத்தகத்தில் இப்போதே திருத்தி வையுங்கள்.