பிக்சர் டியூபில் படிந்த ஊதாக் கறை

பழைய வீடியோ கேம்களை அந்தக் காலத்துத் திரையிலேயே பார்ப்பது எனக்குப் பிடிக்கும். அதற்காகவே ஒரு 21 அங்குல பிக்சர் டியூப் டிவியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். சத்தம் போதவில்லை என்று ஒரு நாள் பெரிய ஸ்பீக்கர் ஒன்றை அதன் வலது பக்கத்தில் ஒட்டி வைத்தேன். மறுநாள் பார்த்தால் வலது மேல் மூலையில் நீல வானம் ஊதாவாகியிருந்தது, அதன் ஓரமெல்லாம் பச்சை.

ஸ்பீக்கரை எடுத்துவிட்டேன். கறை மட்டும் போகவில்லை. டியூபே போய்விட்டது என்று அன்றைக்கு மனசு உடைந்துபோனது.

போனது டியூப் இல்லை. கண்ணாடிக்குச் சற்றுப் பின்னால் ஷேடோ மாஸ்க் என்று ஒரு மெல்லிய துளைத் தகடு இருக்கிறது. டியூபின் கழுத்திலிருந்து வரும் மூன்று எலக்ட்ரான் கற்றைகளும் அந்தத் துளைகள் வழியே போய், தத்தம் நிறப் பாஸ்பரை, அதாவது கற்றை பட்டால் ஒளிரும் பூச்சை, மட்டும் தொட வேண்டும். கற்றை கொஞ்சம் விலகினாலும் சிவப்புக்குப் போக வேண்டியது பச்சையில் விழும். காந்தம் எலக்ட்ரான் கற்றையை வளைக்கும் என்பது 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானை அடையாளம் காணவே உதவிய விஷயம். எவ்வளவு வளைக்கும் என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25,000 வோல்ட்டில் பாயும் எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தில் போகிறது. அந்த வேகத்திலும், குறுக்கே 50 மைக்ரோடெஸ்லா காந்தப்புலம் இருந்தால், 30 சென்டிமீட்டர் தூரத்துக்குள் சுமார் 4 மில்லிமீட்டர் விலகிவிடுகிறது. 50 மைக்ரோடெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலம் அளவுதான். ஸ்பீக்கர் காந்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது மாஸ்க்கையே காந்தமாக்கிவிட்டிருந்தது, அதனால்தான் ஸ்பீக்கர் போன பிறகும் கறை நின்றது.

டிவியை ஆன் செய்யும்போது ‘தும்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அதுதான் மாஸ்க்கின் காந்தத்தை நீக்க உள்ளேயே இருக்கும் டீகாஸ் காயில் என்ற கம்பிச் சுருள் வேலை செய்யும் சத்தம். உடனே ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால் பலன் இல்லை. காயிலோடு இருக்கும் போசிஸ்டர், சூடானதும் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும் உறுப்பு, முதலில் ஆற வேண்டும். அரை மணி நேரம் விட்டு விட்டு நான்கு முறை செய்தேன். கறை வெளுத்தது, ஆனால் போகவில்லை.

அப்புறம் டிவி பழுது பார்க்கும் நண்பரிடம் கையில் பிடிக்கும் டீகாஸ் காயிலை இரவல் வாங்கினேன். முதல் முறை திரைக்கு முன்னால் சுற்றிவிட்டு, அங்கேயே பொத்தானை விட்டுவிட்டேன். திரை முழுக்க வானவில் வளையங்கள்! இதில் கவனம் தேவை. மாறுமின்னோட்டம் மாஸ்க்கின் காந்தத்தை நொடிக்குப் பல முறை திருப்பித் திருப்பிப் போடுகிறது. ஒவ்வொரு திருப்பமும் முந்தையதைவிடச் சற்றுப் பலவீனமாக இருந்தால்தான் கடைசியில் ஒன்றுமில்லாமல் போகும். பாதியில் நிறுத்தினால், அந்த நொடியில் இருந்த காந்தம் அப்படியே தங்கிவிடும்.

இரண்டாவது முறை அவசரப்படவில்லை. திரை முழுதும் மெதுவாக வட்டமிட்டேன். பொத்தானை விடாமல் ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தேன். இரண்டு மீட்டர் தாண்டியதும் காயிலைத் திரைக்குச் செங்குத்தாகத் திருப்பி, அதற்குப் பிறகுதான் கையை எடுத்தேன். திரையை முழுச் சிவப்பாக்கிப் பார்த்தேன், ஏனென்றால் கறை மிச்சம் இருந்தால் சிவப்பில்தான் நன்றாகத் தெரியும். மூலைக்கு மூலை ஒரே சிவப்பு. அந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

கேம் போட்டதும் இன்னொன்று கண்ணில் பட்டது: படம் லேசாக நடுங்கியது. இது வேறு விஷயம். டிவிக்குப் பக்கத்திலேயே கேமின் அடாப்டர், உள்ளே இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய வகை, 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதாவது அதன் காந்தப்புலம் நொடிக்கு 50 முறை அலைகிறது. கேம் படமோ நொடிக்கு 60 முறை வரையப்படுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நொடிக்கு 10 நடுக்கமாகத் தெரிந்திருக்கிறது. அடாப்டரை ஒரு மீட்டர் தள்ளி வைத்தேன், நடுக்கம் நின்றுவிட்டது.