பல்லியின் பல்லில் நான் இரண்டு தடவை சறுக்கிய கதை

முதுகலை விலங்கியலில் 'ஊர்வனவற்றில் பல்லின் வடிவம் எப்படி உருவாகிறது' என்று 15 மதிப்பெண் கேள்வி வந்தது. பக்கம் பக்கமாக எழுதியும் கிடைத்தது 4. தாளைத் திரும்பப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. நான் வரைந்து வைத்திருந்தது முழுக்க எலியின் கடைவாய்ப்பல். மொட்டு, தொப்பி, மணி என்று பல் வளரும் நிலைகளின் படங்கள், எனாமல் முடிச்சு (பல்லின் வடிவத்துக்குச் சமிக்ஞை தரும் செல்கூட்டம்), கடைசியில் 'பல்லியிலும் இவ்வாறே' என்று ஒரு வரி!

இன்னொரு பக்கத்தைப் பல் தாடையில் உட்காரும் விதத்துக்குச் செலவழித்திருந்தேன். முதலைக்குக் குழியில், பெரும்பாலான பல்லிகளுக்குத் தாடையின் உட்சுவரில், பச்சோந்திக்குத் தாடை விளிம்பின் மேல். எல்லாம் சரிதான், ஆனால் அது பொருத்தம்; கேட்டது வடிவம். நிறைய பேர் இங்கேதான் நேரத்தைக் கொட்டுகிறார்கள்.

அப்புறம் செய்முறை வகுப்பில் லெப்பர்டு கெக்கோ என்ற பல்லியின் தாடைச் சீவலை, அதாவது மெல்லிய வெட்டை, நுண்ணோக்கியில் பார்த்தேன். அதன் பல்லுக்கு இரண்டு முனைகள்: ஒன்று உதட்டுப் பக்கம், ஒன்று நாக்குப் பக்கம். எலியாக இருந்தால் உள் எனாமல் எபிதீலியம் (எனாமலைச் சுரக்கும் செல்படலம்) முதலில் மடியும், ஒவ்வொரு முனையிலும் ஒரு இரண்டாம் நிலை முடிச்சு வரும், அந்த மடிப்பின் மேல்தான் டென்டினும் (பல்லின் உட்பகுதித் திசு) எனாமலும் (அதன் மேலுள்ள கடினப் பூச்சு) படியும். நான் பார்த்த பல்லில் டென்டின் ஒற்றைக் கூம்பு. அதன் உச்சியில் வெறும் வெள்ளை இடைவெளி. சீவல் கிழிந்துவிட்டது என்று ஒதுக்கப் போனேன். சீவல் எடுப்பதற்காகத் தாடையின் சுண்ணாம்பை நீக்கும்போது முதிர்ந்த எனாமல் கரைந்துவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த இடைவெளியின் மேல்விளிம்பில் இரண்டு மேடுகளும் நடுவே ஒரு பள்ளமும் இருந்தன. அதாவது, இங்கே முனைகளைத் தருவது எபிதீலியத்தின் மடிப்பு அல்ல, எனாமல் ஏற்றத்தாழ்வாகப் படிவது. பள்ளம் விழும் இடத்துக்கு மேலுள்ள செல்களின் உருவமும் அடுக்கும் மாறுகின்றன. இந்த ஒரு படத்தை எலியின் படத்துக்குப் பக்கத்தில் வரைந்தாலே பாதி விடை முடிந்தது.

இந்த உற்சாகத்தில் வாய்மொழித் தேர்வில் அடுத்த சறுக்கல். "ஊர்வனவற்றில் எனாமல் முடிச்சே கிடையாது" என்று அடித்துச் சொன்னேன். "கிடையவே கிடையாதா?" என்றார் தேர்வாளர். விழித்தேன். முதல்நிலை முடிச்சை ஒத்த பகுதி ஊர்வனவற்றிலும் உண்டு: பிரிந்து பெருகாத செல்கள், இறந்துபோகிற சில செல்கள், எலியின் முடிச்சில் இருக்கும் எஸ்எச்எச், எஃப்ஜிஎஃப்4 என்ற சமிக்ஞைப் புரதங்கள். அதனால் 'இல்லை' என்றும் எழுதாதீர்கள், 'அதேதான்' என்றும் எழுதாதீர்கள்.

உதாரணங்களை அடுக்க வேண்டாம். நச்சுப்பாம்பின் குழல் பல் ஒன்றே போதும். எபிதீலியம் மடிந்து வடிவம் தரும் கதையை அது அழகாகக் காட்டும், கெக்கோவுக்கு நல்ல எதிரிணை.

சீவல் தேர்ந்தெடுக்க வாய்ப்பு கிடைத்தால் கெக்கோவையே எடுங்கள். வாழ்நாள் முழுக்கப் பல் மாற்றும் விலங்கு என்பதால், வேலை செய்யும் பல்லுக்கு உட்புறம் அடுத்தடுத்த தலைமுறைப் பற்கள் வரிசையில் நிற்கும். ஒரே சீவலில் பல நிலைகள் கிடைக்கலாம். பச்சோந்தியின் விளிம்புப் பற்கள் விழுந்து முளைப்பதில்லை. வளர்ந்த பச்சோந்தியின் தாடையை வாங்கி வைத்துக்கொண்டு பல் மொட்டைத் தேடி ஒரு மதியத்தை வீணாக்கியவன் சொல்கிறேன்.