பி.எஸ்.ஏ. மறுபடி ஏறும்போது: அப்பாவுக்கு அடுத்த சிகிச்சையை முடிவு செய்வது

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை அறுவை செய்து எடுத்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். வழக்கமான ரத்தப் பரிசோதனையில், புராஸ்டேட் செல்கள் சுரக்கும் புரதமான பி.எஸ்.ஏ. 0.24 என்று வரும். அப்பாவுக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் இருக்காது, வீடுதான் பதறும். அடுத்த நாளே பெட் ஸ்கேனுக்கு ஓடத் தோன்றும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது, சில வாரம் கழித்து அதே லேபில் இன்னொரு பி.எஸ்.ஏ. லேபுக்கு லேப் மெஷினும் கெமிக்கலும் மாறும். 0.18-க்கும் 0.24-க்கும் உள்ள வித்தியாசம் சில சமயம் அவ்வளவுதான்.

எது புற்றுநோயின் மறுவரவு என்பது முதலில் என்ன சிகிச்சை நடந்தது என்பதைப் பொறுத்தது. சுரப்பியையே எடுத்துவிட்டால் பி.எஸ்.ஏ. 0.1-க்குக் கீழே இருக்க வேண்டும், 0.2-ஐத் தொட்டு, மறுபரிசோதனையிலும் அப்படியே வந்தால் மறுவரவு. முதலிலேயே ரேடியேஷன் கொடுத்தவர்களுக்குச் சுரப்பி உள்ளேயே இருக்கிறது. அவர்களுக்கு இறங்கிய மிகக் குறைந்த அளவோடு 2 கூட்ட வேண்டும்: 0.6 வரை இறங்கியிருந்தால் 2.6-ஐத் தொட்டால்தான் மறுவரவு. ரேடியேஷன் முடிந்த முதல் ஓரிரு வருடங்களில் சிகிச்சை எதுவும் இல்லாமலே கொஞ்சம் ஏறித் தானாக இறங்குவதும் உண்டு. "எங்க மாமாவுக்கு ஒன்றரை, டாக்டர் ஒண்ணுமில்லைன்னுட்டார்" என்று கல்யாண வீட்டில் யாராவது சொன்னால், அந்த மாமாவுக்கு நடந்தது ஆபரேஷனா கரண்டா (ரேடியேஷனா) என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணைவிட அது ஏறும் வேகம்தான் முக்கியம். ஒரு தாளில் தேதியும் அளவும் வரிசையாக எழுதுங்கள். 0.2 நான்கு மாதத்தில் 0.4 ஆவதும், ஒன்றரை வருடத்தில் 0.4 ஆவதும் வேறு வேறு நோய் என்றே சொல்லலாம். இரட்டிப்பாக எடுக்கும் காலம் ஒன்பது பத்து மாதத்துக்குக் கீழே போனால் டாக்டர்கள் விழித்துக்கொள்வார்கள். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் யோசிக்க நேரம் இருக்கிறது.

அடுத்தது ஃபைல். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷனுக்குப் பிறகு வந்த பயாப்ஸி ரிப்போர்ட் முழுதாக வேண்டும்: கிளீசன் ஸ்கோர் (புற்றுநோயின் வீரியத்தைச் சொல்லும் எண்), வெட்டிய ஓரத்தில் புற்றுநோய் இருந்ததா, விந்துப்பைக்குள் போயிருந்ததா, எத்தனை நிணநீர்க் கணு எடுத்தார்கள். ஓரத்தில் இருந்திருந்தால் மிச்சம் அந்தப் பழைய இடத்திலேயே இருக்க வாய்ப்பு அதிகம், அதாவது அங்கே கொடுக்கும் ரேடியேஷன் பலன் தரும் வாய்ப்பும் அதிகம். வேறு ஆஸ்பத்திரியில் கருத்துக் கேட்பதானால் ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்குகளையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது ஸ்கேன். புராஸ்டேட் புற்றுநோய் செல்களில் ஒட்டும் மருந்தைச் செலுத்தி எடுக்கும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் பழைய எலும்பு ஸ்கேனைவிட எவ்வளவோ நுட்பமானது. ஆனாலும் பி.எஸ்.ஏ. 0.2, 0.3 இருக்கும்போது பலருக்கு ஒன்றுமே தெரியாது. தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. "கொஞ்சம் ஏறட்டும், ஸ்கேனில் தெரிந்ததும் ரேடியேஷன் வைக்கலாம்" என்று காத்திருப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. ஆபரேஷனுக்குப் பின் கொடுக்கும் ரேடியேஷன் 0.5-ஐத் தாண்டுவதற்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்கிறது. இன்னொரு தவறு, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஹார்மோன் ஊசியை முதலில் போட்டுவிட்டு ஸ்கேனுக்குப் போவது. ஊசியில் சின்ன இடங்கள் மறைந்துபோகலாம். விலா எலும்பில் ஒற்றையாக மங்கலாகத் தெரியும் புள்ளியைப் பார்த்து, பரவிவிட்டது என்று உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அதில் நிறைய வெறும் பழைய அடியாகவோ அர்த்தமில்லாத ஒளிர்வாகவோ இருக்கும்.

ரேடியேஷன் என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை, சுமார் ஆறரை ஏழு வாரம். மொத்தம் 64 முதல் 70 கிரே (கதிர் அளவின் அலகு) வரை, சில இடங்களில் கொஞ்சம் கூட. குறைந்த நாளில் முடிக்கும் முறையும் உண்டு. ஆபரேஷனுக்குப் பின் சிறுநீர்க் கசிவு இருந்தால் அது முடிந்தவரை சரியான பிறகே தொடங்குவார்கள். ஒவ்வொரு நாளும் மூத்திரப்பை நிறைந்தும் மலக்குடல் காலியாகவும் இருக்க வேண்டும். பை நிறைந்தால் குடல் மேலே தள்ளப்பட்டு அடிபடாமல் தப்பிக்கும். மலமோ வாயுவோ நிறைந்திருந்தால் குறி வைத்த இடமே நகர்ந்துவிடும், டெக்னீஷியன் இறக்கிவிட்டு நடந்துவிட்டு வரச் சொல்வார். பொதுவாக, சிறுநீர் கழித்துவிட்டு அரை லிட்டர் தண்ணீர் குடித்து முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். சிக்கல் எங்கே என்றால், முன்னால் போனவருக்கு நேரமாகும், மெஷின் நிற்கும், அப்பாவால் அடக்க முடியாது. அதனால் வந்ததும் குடிக்க வேண்டாம்; எத்தனை பேர் முன்னால் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் குடிக்கட்டும். கைப்பையில் மாற்று வேட்டி ஒன்று இருக்கட்டும். முந்தின ராத்திரி சுண்டல், முட்டைக்கோஸ், மொச்சை வேண்டாம். முடிந்து பல மாதம் கழித்து மலத்தில் ரத்தம் வந்தால், ரேடியேஷன் வாங்கியவர் என்பதைக் குடல் டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்: அந்த இடத்தில் பயாப்ஸி எடுத்தால் ஆறாத புண்ணாகி ஓட்டையே விழலாம்.

ஹார்மோன் சிகிச்சை பெரும்பாலும் மூன்று மாத ஊசி: லூப்ரோலைடு, கோசரெலின் போன்றவை. முதல் ஊசியில் டெஸ்டோஸ்டிரோன் கொஞ்ச நாள் ஏறிவிட்டுத்தான் இறங்கும். அதற்காகச் சில வாரம் பைகாலுடமைடு மாத்திரை கொடுப்பார்கள். டெகரெலிக்ஸ் என்ற இன்னொரு ஊசியில் இந்த ஏற்றம் இல்லை. ஊசிக்குப் பதிலாக விதைகளை எடுக்கும் சின்ன ஆபரேஷன் ஒரே செலவோடு முடியும், ஆனால் திரும்ப முடியாது. ஊசியைப் போல நிறுத்தி வைத்துப் பார்க்க வழியில்லை. உடம்பில் திடீர் அனல், தசை இளைப்பு, வயிறு பெருப்பது, சர்க்கரை ஏறுவது, எலும்பு தேய்வது, காரணமில்லாமல் கண்ணீர், ஆசை அற்றுப்போவது எல்லாம் வரலாம். அம்மாவிடமும் இதை முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. தொடங்கும்போதே எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி. எலும்பைப் பலப்படுத்தும் ஊசி தேவைப்பட்டால் அதற்கு முன் பல் டாக்டர். அந்த எலும்பு ஊசி தொடங்கிய பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் இருக்கிறது.

எடை போடும்போது வயதும் மற்ற நோய்களும் தராசில் ஏற வேண்டும். 79 வயது, இதயத்தில் ஸ்டென்ட், பி.எஸ்.ஏ. இரட்டிப்பாக ஒன்றரை வருடம் என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருப்பதும் சிகிச்சை முடிவுதான். 66 வயது, ஐந்து மாதம் என்றால் கதை வேறு. 2023-இல் வெளியான எம்பார்க் ஆய்வு, ஒன்பது மாதத்துக்குள் இரட்டிப்பாகிறவர்களுக்கு ஹார்மோன் ஊசியோடு என்சலுடமைடு என்ற மருந்தைச் சேர்ப்பது பரவலைத் தள்ளிப்போடுகிறது என்று காட்டியது. 36 வாரத்தில் பி.எஸ்.ஏ. 0.2-க்குக் கீழே இருந்தவர்களுக்கு மருந்தை நிறுத்தியும் வைத்தார்கள். இடைவெளி விட முடியுமா என்று நீங்களும் கேட்கலாம். யூராலஜிஸ்ட், ரேடியேஷன் டாக்டர் இருவரையும் பாருங்கள். அவரவர் கையில் இருக்கும் கருவிதான் முதலில் நினைவுக்கு வரும். "ஆறு மாதம் பொறுத்தால் எதை இழப்போம்?" என்ற கேள்விக்கு நேரான பதில் வரும் வரை விடாதீர்கள். அப்பாவையும் உட்கார வைத்தே கேளுங்கள். மறைத்துவிட்டு முப்பது நாள் அவரைத் தண்ணீர் குடித்துக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

ஹார்மோன் சிகிச்சையில் சேர்க்கும் இன்னொரு மாத்திரையான அபிராடெரோன் வந்தால் வெறும் வயிற்றில்: சாப்பிட்டு இரண்டு மணி கழித்து, பிறகு ஒரு மணி ஒன்றும் கூடாது. சோற்றோடு போட்டால் ரத்தத்தில் மருந்தளவு பல மடங்கு ஏறும். கூடவே வரும் பிரெட்னிசோலோனைத் தானாக நிறுத்தக்கூடாது. பி.பி., பொட்டாசியம், லிவர் பரிசோதனை தவறக்கூடாது. ஜெனரிக் பல கம்பெனிகளில் வருகிறது, அச்சிட்ட விலையை நம்பாமல் இரண்டு மூன்று மொத்தக் கடையில் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்த மருந்து, எந்த சிகிச்சை அதில் வரும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்டரில் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் நிதானமாகச் செய்யலாம். ஒன்றைத் தவிர: புற்றுநோய் எலும்புக்குப் போயிருப்பவருக்குப் புதிதாக முதுகு வலி, கால் தளர்வு, மரத்துப்போவது, சிறுநீர் கட்டுவது வந்தால் காலை ஓ.பி.க்குக் காத்திருக்க வேண்டாம். தண்டுவடம் நசுங்குகிறதா என்று அன்று ராத்திரியே எம்.ஆர்.ஐ. உள்ள ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும்.