சிவப்புப் பேனையும் பதினொரு மைக்ரோவோல்ட்டும்

மூன்று வருடமாக எனக்குத் தலையிடி. பின்கழுத்தில் தொடங்கி, காதுக்கு மேலால் ஏறி, பின்னேரமானால் நெற்றியைச் சுற்றிப் பட்டி கட்டி இறுக்கினமாதிரி நிற்கும். நான் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறவள். தவணைப் பரீட்சைத் தாள் திருத்துகிற கிழமைகளில் குளிசை போடாத நாளே இல்லை. மாதத்தில் 15 நாளுக்கு மேல் இப்படி வலிக்குளிசை போட்டால் அதுவே தலையிடியைக் கூட்டும் என்று கிளினிக்கில் டொக்டர் சொன்ன பிறகுதான் வேறு வழி தேடினேன்.

முதலில் போனது கொழும்பில் ஓர் இடத்துக்கு. தலையில் தொப்பி மாட்டி, இருபது நிமிடத்தில் என் மூளையின் படம் என்று ஒன்றை நிறம் நிறமாக அச்சடித்துத் தந்தார்கள். சிவப்பாக இருக்கிற இடமெல்லாம் மன அழுத்தமாம். நியூரோஃபீட்பேக், அதாவது மூளை அலையைத் திரையில் பார்த்து அதை மாற்றப் பழகுகிற பயிற்சி, 40 அமர்வு, பாதிக்காசு முன்பணம். என்ன மருந்து எடுக்கிறேன், எந்த டொக்டர் பார்த்தவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த மௌனம்தான் என்னைப் பயப்படுத்தியது. காசு கட்டாமல் இரவு பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினேன்.

பிறகு கொக்குவிலில், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து பயோஃபீட்பேக் செய்கிற ஓர் உளவியலாளரைப் பற்றிச் சக ஆசிரியை சொன்னார். உடம்பில் நடப்பதைக் கருவியில் பார்த்துப் பார்த்து அதை மாற்றப் பழகுகிற முறைதான் பயோஃபீட்பேக். தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வி: “அக்கா, கிளினிக்கில காட்டியாச்சோ? கண்ணும் பாத்தாச்சோ? அந்தத் துண்டுகளையும் கொண்டு வாங்கோ. நான் டொக்டர் இல்லை.” அப்போதே மனம் ஆறிவிட்டது.

வீட்டின் முன் அறைதான் அவருடைய இடம். ஒரு சாய்கதிரை, மடிக்கணினி, கைக்கு அடக்கமான ஒரு கருவி. 1981இலிருந்து இயங்கும் பயோஃபீட்பேக் சான்றளிப்பு அமைப்பின் சான்றிதழைக் காட்டி, அதைப் பெறுவதற்குத் தானும் கற்றுக்கொள்பவராகக் கதிரையில் இருந்து பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது, பிறகு ஒரு மூத்தவரின் மேற்பார்வையில் ஆட்களைப் பார்க்க வேண்டியிருந்தது என்றார். நான் கேளாமலே சொன்னார்.

முதல் நாள் விரல் நுனியில் வெப்பமானியை ஒட்டிப் பார்த்தார். கை சூடேறினால் இரத்தக் குழாய் தளர்கிறது என்று அர்த்தம். அமெரிக்காவில் மெனிங்கர் என்ற மனநல நிறுவனத்தில் எல்மர் கிரீன் என்ற ஆய்வாளரின் குழு ஒற்றைத் தலையிடிக்காரருக்கு இந்தக் கை சூடாக்கும் பயிற்சியைத்தான் கொடுத்தது. ஆனால் நான் போனது சித்திரை மாதம். சித்திரையில் யாழ்ப்பாணத்தில் ஆருடைய கைதான் குளிராக இருக்கும்? “உதை மார்கழிக்கு வைப்பம்” என்று சொல்லி, தசைக்குப் போனார்.

தோளின் மேற்பக்கத் தசையில் மூன்று ஒட்டுகள். தசை இயங்கும்போது எழுகிற மின்னழுத்தத்தை மைக்ரோவோல்ட்டில் கருவி காட்டும். ஒரு வோல்ட்டைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. சும்மா இருக்கும்போது எனக்கு 3 ஐச் சுற்றி நின்றது. “தாள் கட்டுக் கொண்டு வந்தனீங்களோ? எடுத்துத் திருத்துங்கோ” என்றார். மடியில் பலகையை வைத்து, சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றினேன். ஒரு வரிகூட வாசிக்கவில்லை. எண் 11 என்று காட்டியது. கருவியின் சத்தமும் கூடவே ஏறியது. பேனையை மேசையில் வைத்தேன்; மெல்ல இறங்கியது. மறுபடி எடுத்தேன், மறுபடி ஏறியது. இருபது வருடமாகப் பேனை எடுக்கும்போதெல்லாம் தோளைத் தூக்கியிருக்கிறேன், ஒரு நாளும் தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தளர்த்துவது லேசில்லை. இறக்க வேண்டும் என்று முயன்றால் எண் இன்னும் ஏறும். மூன்றாவது அமர்வில் தாடையைக் கவனித்தார். “நாக்கை ‘ந்’ சொல்லுற இடத்தில வையுங்கோ. பல்லும் பல்லும் முட்டக்கூடாது.” ‘ந’கரம் பிறக்கும் இடத்தைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. தாடை விட்டதும் தோளும் விட்டது. பிறகு வயிற்றில் பட்டியும் விரலில் நாடித்துடிப்புப் பிடியும் போட்டு மூச்சுப் பயிற்சி: நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவில், மெதுவாக. அந்த வேகத்துக்கு மூச்சு வந்ததும் நாடியின் வேகம் ஓர் ஒழுங்கான அலைபோல ஏறி இறங்குவதைத் திரையில் கண்டேன். வீட்டில் காலையும் மாலையும் பத்து நிமிடம் செய்யச் சொன்னார். செய்யாத கிழமையில் முன்னேற்றமும் இல்லை.

தங்கச்சியின் மகனுக்குக் கவனக் குறைபாடு. அவனுக்கு நியூரோஃபீட்பேக் செய்யலாமோ என்று கேட்டேன். அவர் பூனைக் கதையிலிருந்து தொடங்கினார். 1960களில் பேரி ஸ்டெர்மன் என்ற ஆய்வாளர் பூனைகள் 12 முதல் 15 ஹெர்ட்ஸ் வரையான, அதாவது செக்கனுக்கு அத்தனை தடவை ஏறி இறங்குகிற, ஒரு மூளை அலையை எழுப்பும்போது உணவு கொடுத்துப் பழக்கினார். பிறகு ரொக்கெட் எரிபொருளின் நச்சுக்கு அந்தப் பூனைகளுக்கு மற்றவற்றைவிடத் தாமதித்தே வலிப்பு வந்தது. அதிலிருந்துதான் வலிப்பு நோயாளருக்கு இந்தப் பயிற்சி வந்தது. சரி, கவனக் குறைபாட்டுக்கு? திரையில் காட்டுவது பிள்ளையின் உண்மையான மூளைச் சமிக்ஞையோ போலிச் சமிக்ஞையோ என்று ஒருவருக்கும் தெரியாதபடி செய்த நல்ல ஆய்வுகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். “நிபுணர் தந்த மருந்தை நிப்பாட்டாதேங்கோ. காசைச் சேமியுங்கோ.” தன்னிடமே வரக்கூடிய ஒரு பிள்ளையைப் பற்றி அப்படிச் சொன்னார்.

எனக்குப் பத்து அமர்வு, கிழமைக்கு ஒன்று. மருதனார்மடத்தில் பஸ் ஏறிப் போய் வந்தேன். தலையிடிக் குறிப்பேட்டில் பங்குனியில் 17 நாள் குறித்திருந்தேன். ஆனியில் 6 நாள். கிளினிக்கில் குறிப்பேட்டைக் காட்டினேன், தலையிடி வராமல் தடுக்கத் தந்திருந்த மருந்தின் அளவை டொக்டர் குறைத்தார். தலையிடி முற்றாகப் போகவில்லை.

கடைசி நாள் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, சத்தத்தையும் நிறுத்திவிட்டார். என் மடியில் தாள் கட்டு, கையில் சிவப்புப் பேனை. அரை மணித்தியாலம் திருத்தினேன். “இப்ப எவ்வளவு, சொல்லுங்கோ?” தோளையும் தாடையையும் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு, “நாலு” என்றேன். திரையைத் திருப்பினார். 4.2.